பல்லுக்கு இனிப்பு, ஏட்டில் உப்பு

போன இதழில் பெய்ஜிங் குளிரைப் பற்றி எழுதும்போது, தெருமுனையில் கஷ்கொட்டை வறுக்கிறவர் கடை முன்னால் கையைச் சூடேற்றிக்கொண்டு நின்ற கதையை நாலு வரி சொல்லியிருந்தேன். கூடவே, 'சிறுநீரகத்துக்கு நல்லது என்று சீனர்கள் சொல்வார்கள்' என்று ஒரு வாலையும் ஒட்டிவிட்டேன். அந்த வால்தான் வினையாகப் போயிற்று. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். ஆகவே இந்த முறை வேறு எதற்கும் பதில் கிடையாது, கஷ்கொட்டை மட்டும்தான்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் வைத்தியர் இல்லை. கணவர் வேலை காரணமாக 11 வருஷம் பெய்ஜிங்கில் குப்பை கொட்டியவள். எனக்குத் தெரிந்த சீன வைத்தியம் எல்லாம் எங்கள் கீழ்வீட்டு ஆயி போட்ட பிச்சை. அவர் மூலிகைக் கடையில் முப்பது வருஷம் மருந்து நிறுத்துக் கொடுத்து ஓய்வு பெற்றவர். 'ஆயி' அவர் பெயர் இல்லை; சித்தி, பெரியம்மா வயதுள்ள பெண்களைச் சீனத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் பாட்டியை ஆயி என்போம். அந்த ஊரில் என் வாயில் முதலில் ஒட்டிய சொல் அதுதான்.

செஸ்நட், கஷ்கொட்டை, வாட்டர் செஸ்நட் எல்லாம் ஒன்றா? ஆன்லைனில் தேடினால் ஏதேதோ வருகிறது.
— ஆர்.எம்., கோயம்புத்தூர்

இல்லை. செஸ்நட்டும் கஷ்கொட்டையும் ஒன்று. வாட்டர் செஸ்நட் தண்ணீரில் முளைக்கிற கோரை இனத்துக் கிழங்கு. சீன ஓட்டல் பொரியலில் நறுக்கென்று கடிபடுமே, அது. வடநாட்டில் சிங்காடா என்று விற்கிற கொம்பு வைத்த கறுப்புக் காய் இன்னொன்று, அதுவும் குளத்துச் சரக்கு. நான் சொல்வது மலைச்சரிவில் வளர்கிற மரத்தின் கொட்டை. சீனத்தில் 'லீ ட்ஸ'.

பெய்ஜிங்குக்கு வடக்கே, முதியான்யூ பெருஞ்சுவருக்குப் போகிற வழியில், ஹுவாய்ரோவ் வட்டாரம் முழுக்க இந்தத் தோப்புதான். செப்டம்பரில் போனால் ஊமத்தங்காயை இன்னும் அடர்த்தியாக முள் வைத்துத் தைத்தது போலப் பச்சை உருண்டைகள் தொங்கும். பழுத்தால் தானே வாய் பிளக்கும். உள்ளே இரண்டோ மூன்றோ கொட்டை. மூன்று இருந்தால் நடுவில் மாட்டியது இரண்டு பக்கமும் நசுங்கித் தட்டையாக இருக்கும். கீழே விழுந்ததைச் செருப்புக் காலால் மிதித்துப் பிரிக்க வேண்டும். ஆர்வக்கோளாறில் நான் கையால் எடுத்தேன். முள்ளை ஊசி வைத்து எடுத்தவர் ஆயி.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். பெயரில்தான் கொட்டை, உள்ளே இருப்பது சோறு. முந்திரி 100 கிராமில் கொழுப்பு 44 கிராம் அளவுக்கு இருக்கும். கஷ்கொட்டையில் ஒரு கிராம்தான். மாவுச்சத்தும் சர்க்கரையுமாக 50 கிராம். சீன விவசாயிகள் இதை 'இரும்புத் தண்டுப் பயிர்' என்பார்கள்: வறட்சியில் தினை காய்ந்தாலும் மரம் காய்க்கும், வயிறு நிறையும் என்ற தைரியம். 'யான், சின் நாடுகளில் ஆயிரம் கஷ்கொட்டை மரம் வைத்திருக்கிறவன், ஆயிரம் குடிகளிடம் வரி வாங்கும் பிரபுவுக்குச் சமம்' என்று 2,100 வருஷத்துக்கு முன்பே சிமா சியான் என்ற வரலாற்றாசிரியர் கணக்குப் போட்டிருக்கிறார். யான் என்றால் இன்றைய பெய்ஜிங் பக்கம்தான். நம் ஊரில் தென்னந்தோப்பு வைத்திருப்பவரைப் பற்றிப் பேசுகிற அதே தொனி.

மணலில் சர்க்கரை போட்டு வறுக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மணல் எதற்கு, சர்க்கரை எதற்கு? சாப்பிட்டால் பல்லில் மணல் மாட்டாதா?
— ஒரு வாசகி, விருதுநகர்

விருதுநகரில் இருந்துகொண்டு மணல் எதற்கு என்று கேட்கலாமா, தங்கச்சி? உங்கள் பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை எதில் வறுபடுகிறது? அதே சூத்திரம்தான். கொட்டை உருண்டை. வெறும் சட்டியில் போட்டால் ஒரு புள்ளிதான் சூட்டில் படும். அந்த இடம் கருகும், மற்ற இடம் பச்சையாக நிற்கும். மணலுக்குள் புதைத்துப் புரட்டினால் எல்லாப் பக்கமும் ஒரே சூடு.

எங்கள் தெருமுனைக் கடையில் வாணலி இரண்டு முழ அகலம் இருக்கும். மணல் என்றால் ஆற்றுமணல் இல்லை, சலித்தெடுத்த பருமணல். புதிதாக வாங்கும்போது சாம்பல் நிறம். மால்ட்டோஸ் பாகை ஊற்றி ஊற்றி, அது கருகி ஏறி, பத்து நாளில் கறுப்பு மிளகைப் பொடித்தது போலப் பளபளவென்று ஆகிவிடும். அந்தப் பழைய மணலை அவர் தூக்கிப்போட மாட்டார், நம் ஊரில் தோசைக்கல்லை யாருக்கும் கடன் கொடுக்காத மாதிரி. மண்வெட்டிபோல ஒரு கரண்டி. 'சர்ரக், சர்ரக்' என்று அடியிலிருந்து புரட்டிக்கொண்டே இருப்பார். பாகு மணலில் படுகிற நேரம் நீலப்புகை எழும்பி, தெருவே பாயசம் அடிபிடித்த வாசனை அடிக்கும். இப்போது பெரும்பாலும் மோட்டார் வைத்த டிரம் சுற்றுகிறது. புகைபோக்கியும் வந்துவிட்டது. வாசனை பாதி மேலே போய்விடுகிறது, அது ஒரு நஷ்டம்தான்.

சர்க்கரை ஓட்டைத் தாண்டி உள்ளே போகாது. அது ஓட்டுக்குப் பளபளப்பும் மணமும் தரும். உள்ளே இருக்கிற இனிப்பு கொட்டையின் சொந்தச் சொத்து. பறித்தவுடனே வறுத்தால் அவ்வளவு இனிக்காது. சில வாரம் குளிரில் கிடந்தால் மாவு கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும். அதனால் பருவம் செப்டம்பரில் தொடங்கினாலும் ஆயி நவம்பர் வரைக்கும் என்னை வாங்க விடமாட்டார். நவம்பர் 15-ஆம் தேதி ஊர் முழுக்க வெந்நீர்க் குழாயில் சூடு திறந்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் முதல் பை. பையைப் பிரித்து, ஓட்டை நகத்தால் அழுத்தினால் 'டப்' என்று வாய் திறக்கும். உள்தோலும் ஓட்டோடு வந்துவிட வேண்டும். ஒட்டிக்கொண்டு நின்றால் அன்றைய வறுவல் சரியில்லை என்று அர்த்தம். மணல் சல்லடையில் உதிர்ந்துவிடும், பல்லுக்கு வராது.

வறுவல் என்றதும் ஒரு பழைய சங்கதி. சோங் அரசின் தலைநகரான காய்ஃபெங்கில் லி ஹ என்று ஒரு கஷ்கொட்டைக் கடைக்காரர். அவர் பக்குவம் யாருக்கும் வரவில்லையாம். 1127-இல் ஜின் படை நகரத்தைப் பிடித்தது. சோங் அரசு தெற்கே ஓடிவிட்டது. பல வருஷம் கழித்து, தெற்கிலிருந்து தூது போனவர்கள் இன்றைய பெய்ஜிங் இருக்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தபோது, திடீரென்று இரண்டு பேர் எதிரே வந்தார்கள். கையில் ஆளுக்குப் பத்துப் பொட்டலம் வறுத்த கஷ்கொட்டை. கொடுத்துவிட்டு, 'லி ஹ பிள்ளை' என்று ஒரே ஒரு சொல் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். கவிஞர் லு யூ எழுதி வைத்துவிட்டுப் போன செய்தி இது. இதை முதலில் கேட்ட அன்றைக்குக் கையில் இருந்த பை எனக்கு இறங்கவில்லை.

நாக்குக்கு இனிப்பு என்கிறீர்கள். சீன வைத்திய நூலில் இதை 'உப்புச் சுவை' என்று போட்டிருப்பதாகப் படித்தேன். எது சரி?
— கே.எஸ்., சித்த மருத்துவ மாணவர், பாளையங்கோட்டை

தம்பி, நல்ல கேள்வி. இரண்டும் சரி.

சீனர்களின் ஆதி வைத்திய ஏட்டில் ஐந்து பழத்துக்கு ஐந்து சுவை சொல்லியிருக்கிறார்கள். இலந்தை இனிப்பு, பிளம் புளிப்பு, கஷ்கொட்டை உப்பு, ஆப்ரிகாட் கசப்பு, பீச் காரம். பீச் பழம் யாருக்குக் காரமாக இருந்தது? ஆக இது நாக்குக் கணக்கு இல்லை. ஐந்து சுவை, ஐந்து உறுப்பு, ஐந்து நிறம், ஐந்து பருவம் என்று கட்டம் போட்டு, எது எங்கே வேலை செய்கிறது என்று பார்த்து அடுக்கிய கணக்கு. உப்பு என்ற கட்டம் சிறுநீரகத்துக்கு உரியது. கஷ்கொட்டை சிறுநீரகத்துக்கு ஆகும் என்று தீர்மானமானதால் அதற்கு உப்பு. பிற்கால மருந்து நூல்களில் 'இனிப்பு, உப்பு, வெம்மை, மண்ணீரல், வயிறு, சிறுநீரகம் ஆகியவற்றுக்குச் செல்லும்' என்று சேர்த்துப் போட ஆரம்பித்தார்கள், நாக்குக்கும் கொஞ்சம் மரியாதை கொடுத்து. உங்கள் படிப்பிலும் சுவை, வீரியம் (சூடா, குளிர்ச்சியா), விபாகம் (செரித்த பிறகு மாறுகிற சுவை) என்று பிரித்துத்தானே வைத்திருக்கிறார்கள்? உங்களுக்கு இது என்னைவிடச் சீக்கிரம் புரியும்.

அக்கா, என் கணவருக்கு 58 வயது. சர்க்கரை 14 வருஷமாக இருக்கிறது. போன வருஷத்திலிருந்து கிரியாட்டினின் ஏறிக்கொண்டே போகிறது. பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லி டாக்டர் வாழைப்பழம், இளநீரை நிறுத்திவிட்டார். கஷ்கொட்டை 'சிறுநீரகத்தின் பழம்' என்று ஒரு வீடியோவில் பார்த்தேன், நீங்களும் எழுதினீர்கள். உரித்த பாக்கெட் இரண்டு வாங்கிவிட்டேன். தினம் எத்தனை கொடுக்கலாம்?
— பெயர் வேண்டாம், மதுரை

ஒன்றுகூட வேண்டாம், தங்கச்சி. முதலில் பாக்கெட்டை அவர் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். அப்புறம் பொறுமையாக மீதியைப் படியுங்கள். இந்த இதழில் நான் எழுத உட்கார்ந்ததே உங்கள் கடிதத்துக்காகத்தான்.

'சிறுநீரகத்தின் பழம்' என்று சொன்னவர் சாதாரண ஆள் இல்லை. சுன் ஸ்மியாவ், தாங் காலத்து வைத்தியர், 682-இல் இறந்தவர். சீனாவில் மருந்துக்கே அரசன் என்று கோயில் கட்டிக் கும்பிடுகிறார்கள். ஆனால் அவர் 'ஷன்' என்று எழுதியது உங்கள் கணவரின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருக்கிற கிட்னியை மட்டும் இல்லை. ஷன் என்பது அவர்களுக்கு ஒரு பெரிய இலாகா. எலும்பும் மஜ்ஜையும் அதன் கீழ் வரும். இடுப்பு அதன் வீடு. தலைமுடி அதன் பூ. காது அதன் வாசல். பிள்ளை பெறும் சக்தி அங்கேதான் சேமிப்பில் இருக்கிறது. வயதாகி முடி நரைத்து, காது மந்தமாகி, முழங்கால் தள்ளாடினால் 'ஷன் குறைந்துவிட்டது' என்பார்கள். இரத்தப் பரிசோதனையில் அவர்களுடைய கிட்னி தங்கமாக இருக்கும்.

பிறகு மேல்நாட்டு வைத்தியம் சீனாவுக்குள் வந்தபோது, கிட்னி என்ற உறுப்புக்கும் அதே ஷன் என்ற சொல்லையே எடுத்து மாட்டிவிட்டார்கள். குழப்பம் அங்கே ஆரம்பித்தது. இன்றைக்குச் சீனர்களே ஆஸ்பத்திரியில் ஷன் என்று கேட்டுவிட்டு மூலிகைக் கடைக்கு ஓடுவதை ஆயி சொல்லிச் சொல்லித் திட்டுவார்.

நம் வீட்டில் பாருங்கள். 'பித்தம் தலைக்கேறிவிட்டது' என்று பாட்டி சொன்னால், பித்தப்பையை ஸ்கேன் எடுக்க யாராவது போகிறோமா? பாட்டியின் பித்தம் வேறு, சர்ஜனின் பித்தம் வேறு என்று நமக்குச் சொல்லாமலே தெரியும். பக்கத்து வீட்டுச் சொல் என்பதால் ஷன் விஷயத்தில் ஏமாந்துவிடுகிறோம். வீடியோக்காரர்கள் அந்த ஏமாற்றத்தில்தான் பிழைக்கிறார்கள். நானும் போன இதழில் ஒரு வரியில் அதையே செய்தேன். தப்பு என்னுடையது.

இனி உங்கள் கணவர் கணக்கு. வறுத்த கஷ்கொட்டை 100 கிராமில் பொட்டாசியம் ஏறக்குறைய 500 மில்லிகிராம். வாழைப்பழம் 100 கிராமில் 360. வாழைப்பழத்தை நிறுத்தச் சொன்ன டாக்டர் இதற்குத் தலையாட்டுவாரா? பொட்டாசியம் உடம்பிலிருந்து வெளியேற முடியாமல் இரத்தத்தில் தங்கினால் இதயத் துடிப்பையே கலைத்துவிடும், விளையாட்டு இல்லை. சர்க்கரைப் பக்கமிருந்து பார்த்தாலும் சரிப்படாது. நூறு கிராம் சோற்றில் மாவுச்சத்து 28 கிராம் அளவு, இதில் 50. கொட்டைதானே, பாதாம்போலத்தானே என்று நினைத்துக் கொறித்தால், பேசிக்கொண்டே ஒரு தட்டுச் சோறு உள்ளே போயிருக்கும்.

ஆயியின் அண்ணனுக்கும் இதே நோய்தான், டயாலிசிஸ் வரைக்கும் போனவர். வாழ்நாள் முழுக்கக் கஷ்கொட்டையை மருந்தாக நிறுத்துக் கொடுத்த அந்த அம்மாள், அண்ணன் வீட்டுக்குப் போகும்போது ஒரு பொட்டலம்கூட எடுத்துப் போனதில்லை. 'அது ஆஸ்பத்திரி ஷன், என் கடை ஷன் இல்லை' என்பார்.

உணவு அட்டவணையைச் சிறுநீரக டாக்டரிடமோ அங்கே இருக்கிற டயட்டீஷியனிடமோ கேட்டு எழுதி வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். பாக்கெட் இரண்டும் வீணாக வேண்டாம். உங்களுக்குச் சர்க்கரை இல்லையென்றால் கடைசிப் பதிலில் ஒரு குழம்பு சொல்கிறேன், நீங்கள் சாப்பிடுங்கள்.

இடுப்பு வலிக்குப் பச்சையாகத் தின்ன வேண்டும் என்கிறார்களே, உண்மையா? நீங்கள் தின்று பார்த்தீர்களா?
— டி.பி., காஞ்சிபுரம்

பார்த்தேன். அதற்கு முன்னால் வறுத்ததைத் தின்று பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். போன முதல் குளிர்காலம். அரை கிலோவை அந்த ஊரில் ஒரு ஜின் என்பார்கள். ஒரு ஜின்னை வாங்கி, நின்ற இடத்திலேயே காலி பண்ணினேன். ராத்திரி உரலை விழுங்கியது போல வயிறு. இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. காலையில் ஆயி வந்து பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. காய்ந்த ஆரஞ்சுத் தோலைக் கொதிக்க வைத்துக் கொடுத்தார். 'எட்டு, மிஞ்சினால் பத்து' என்று விரலைக் காட்டினார். சோங் காலத்து வைத்தியர் கௌ சோங்ஷி எழுதியதும் அதேதான்: பச்சையாகத் தின்றால் செரிக்காது, வேகவைத்துத் தின்றால் வாயு அடைக்கும், குழந்தைகளுக்கு நிறையக் கொடுக்காதே. சீன ஏடுகளில் எனக்குப் பிடித்ததே இதுதான். புகழ்கிற பக்கத்திலேயே அடியும் போட்டுவிடுவார்கள்.

பச்சைக் கொட்டைக்கு வருவோம். கால் இடுப்பு விழுந்த ஒருவர் மரத்தடிக்குப் போய்ப் படிக்கணக்கில் தின்று எழுந்து நடந்தார் என்று ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாவ் ஹோங்ஜிங் ஒரு செவிவழிக் கதை எழுதியிருக்கிறார். அது கதை. எனக்குச் சுவாரசியமாகப் பட்டது கவிஞர் சூ சே எழுதிய நாலு வரி. கிழவயதில் இடுப்பும் காலும் பிடித்துக்கொண்டதாம். மலைக்கிழவர் சொன்ன பழைய பக்குவம் கஷ்கொட்டையாம். காலையிலும் மாலையிலும் மென்று, 'வெள்ளை ஜேடுக் கல்லின் பாலை' மூன்று மிடறாக மெதுவாக விழுங்க வேண்டும். எண்ணிக்கையில் இல்லை, மெல்லுவதில் இருக்கிறது விஷயம். சூ சே இறந்தது 1112-இல். நானூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து லி ஷிசென், 1578-இல் முடித்த தன் பெரிய மருந்து நூலில், இந்தக் கவிதையையே சாட்சிக்கு இழுக்கிறார். பையில் போட்டுக் காற்றில் தொங்கவிட்டு உலர்த்தியது வெயிலில் காய்ந்ததைவிட மேல். சுட்டது வேகவைத்ததைவிட மேல். நன்றாக மென்று எச்சிலோடு விழுங்கு. ஒரே மூச்சில் வயிறு முட்டத் தின்றால் மண்ணீரலைக் கெடுக்கும் என்கிறார். என் அரை கிலோ கதையை அவர் முன்கூட்டியே படித்திருக்கிறார்!

ஆயி வீட்டுப் பால்கனியில் துணிப்பையில் தொங்கும். தினம் காலையில் ஏழு கொட்டை. தோல் சுருங்கி, பருப்பு ஓட்டுக்குள் கடகடவென்று ஆடும். கடித்தால் முதலில் பச்சைச் சர்க்கரைவள்ளி மாதிரி ஒரு மாவு ருசி. விடாமல் மென்றால் வாய்க்குள் தேங்காய்ப்பால் மாதிரி வெள்ளையாகத் திரளும், அப்போதுதான் இனிப்பு வெளியே வரும். அதுதான் கவிஞரின் பால். ஒரு கொட்டைக்கு மூன்று நிமிஷம் ஆகும். ஆயியின் நிபந்தனை: உட்கார்ந்து மெல்லக் கூடாது, குடியிருப்பைச் சுற்றி நடந்துகொண்டே மெல்ல வேண்டும். ஏழு கொட்டைக்கு இருபது நிமிஷ நடை. இரண்டு மாதத்தில் என் இடுப்புப் பிடிப்பு விட்டது. மருந்து கொட்டையிலா நடையிலா என்று ஆயியிடம் கேட்டேன். 'நடக்கச் சொன்னால் நீ நடந்திருப்பாயா?' என்று கேட்டார்.

வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்தாலோ கொட்டையை நம்பிக்கொண்டிருக்காதீர்கள். எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

என் மகன் ஜெர்மனியில் படிக்கிறான். பூங்காவில் செஸ்நட் கொட்டிக் கிடக்கிறது, பொறுக்கி வறுத்துச் சாப்பிடட்டுமா என்று கேட்கிறான்.
— எல்.ஜி., திருச்சி

இன்றைக்கே போன் போட்டு நிறுத்துங்கள். பூங்காவில் கொட்டிக் கிடப்பது பெரும்பாலும் ஹார்ஸ் செஸ்நட். பெயர்தான் சொந்தம், குடும்பம் வேறு. விஷம், வயிறு பிடுங்கும், வாந்தி வரும். அடையாளம் சொல்கிறேன். அதன் இலை நம் இலவமரத்து இலைபோல விரல் விரலாக விரியும். தின்கிற மரத்துக்கு மாவிலை மாதிரி ஒற்றை நீள இலை, ஓரத்தில் வாள்பல். விஷக்காயின் மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தடித்த முள். கொட்டை கோலிக்குண்டுபோல மொழுமொழுவென்று இருக்கும். நல்ல கொட்டையின் நுனியில் ஒரு கூர்மையும் அதில் சின்னக் குஞ்சமும் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை. இந்த ஹார்ஸ் செஸ்நட்டின் சீனத் தம்பி பெய்ஜிங் பௌத்தக் கோயில்களில் நிற்கிறது. புத்தர் மறைந்தது சால மரங்களுக்கு நடுவில். நம் சால மரம் அந்தக் குளிரில் பிழைக்காது. அதனால் இதை நட்டு, 'சால' என்ற சமஸ்கிருதச் சொல்லையே 'சுவோலுவோ' ஆக்கி வைத்துக் கும்பிட்டார்கள். படுத்த புத்தர் கோயிலிலும் தான்ஜ கோயிலிலும் நானே பார்த்தேன். அதன் விதையும் நெஞ்சடைப்பு, வயிற்று உப்புசத்துக்கு மூலிகைக் கடையில் உண்டு, ஆனால் வைத்தியர் சீட்டோடு, கிராம் கணக்கில் நிறுத்துத்தான் கொடுப்பார்கள்.

சீனக் கல்யாணத்தில் கட்டிலில் கஷ்கொட்டை போடுவார்களாமே, ஏன்?
— என்.வி., ஈப்போ

ஒலி விளையாட்டு. இலந்தை 'ட்ஸாவ்', கஷ்கொட்டை 'லீ ட்ஸ'. சேர்த்துச் சொன்னால் 'சீக்கிரம் பிள்ளை நிலைக்கட்டும்' என்று காதில் விழும். ஷன் பலம் அது இது என்று யாராவது விளக்கினால் நம்பாதீர்கள்.

குழந்தைக்கு ஒன்றரை வயது, கொடுக்கலாமா?
— ஒரு தாய், சேலம்

முழுசாக வேண்டாம், தொண்டையில் மாட்டும். வேகவைத்து மசித்து, முதல் நாள் ஒரு டீஸ்பூன் கொடுத்துப் பாருங்கள். வீட்டில் யாருக்காவது ரப்பர் கையுறை, பலூன் பட்டால் தடிக்கிற ஒவ்வாமை இருந்தால் ஜாக்கிரதை. அப்படிப்பட்டவர்களுக்கு வாழைப்பழம், அவகாடோ, கஷ்கொட்டை மூன்றும் சேராமல் போவதுண்டு.

நான் தமிழ்ப்பெண், கணவர் சீனர். மாமியார் கோழியும் கஷ்கொட்டையும் போட்டு ஒரு சூப் வைப்பார். இப்போது அவருக்கு முடியவில்லை. நான் வைக்கலாம் என்று பார்த்தால் ஓடு உரிப்பதிலேயே விரல் போகிறது. எப்படி உரிப்பது?
— ஜெ., சிங்கப்பூர்

சூட்டோடு உரிக்க வேண்டும், அவ்வளவுதான். தட்டைப் பக்கத்தில் கத்தியால் ஒரு கீறல் போடுங்கள்; கீறாமல் அடுப்பில் வைத்தால் வெடிக்கும். கொதிக்கிற தண்ணீரில் ஐந்து நிமிஷம். அடுப்பை அணைத்துவிட்டு, தண்ணீரிலேயே விட்டு, ஒவ்வொன்றாக எடுத்து உரியுங்கள். ஆறிப் போனால் உள்தோல் கோந்து போட்டதுபோல ஒட்டிக்கொள்ளும். மறுபடி சுடவையுங்கள், நகத்தோடு சண்டை போடாதீர்கள்.

அரைக் கோழிக்குக் கஷ்கொட்டை 15, சிவப்பு இலந்தை 8 (கடையில் சிவப்புப் பேரீச்சை என்பார்கள், அது நம் இலந்தைக்குத்தான் சித்தப்பா மகள்), இஞ்சி நாலு வில்லை. கோழியை முதலில் கொதிநீரில் போட்டு எடுத்து, அழுக்கு நுரையைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் சிறுதீயில் ஒரு மணி நேரம். கஷ்கொட்டையைக் கடைசி அரைமணியில் போடுங்கள், முன்னாலேயே போட்டால் கரைந்து கஞ்சியாகிவிடும். உப்பு இறக்கும்போது. மாமியாரிடம் ஒரு கரண்டி ருசி பார்க்கக் கொடுங்கள், குற்றம் சொல்ல அவருக்கும் ஏதாவது வேண்டுமே.

மதுரைத் தங்கச்சி, உங்கள் குழம்பு: சின்ன வெங்காயம், பூண்டு, புளி, மிளகுப் பொடி, நல்லெண்ணெய். சேப்பங்கிழங்கு போடுகிற இடத்தில் உரித்த கஷ்கொட்டை எட்டு. பெய்ஜிங்கில் கிழங்கு கிடைக்காமல் நான் கண்டுபிடித்தது. ஆயி மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார், உறைப்பைத் திட்டிக்கொண்டே.

பச்சையாக ஓட்டோடு வாங்குகிறவர்களுக்கு: கொட்டையில் பாதிக்குப் பாதி தண்ணீர், வெளியில் வைத்தால் பூசணம் பிடிக்கும். காகிதப் பையில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். சமைக்கும் முன்னால் ஒரு வாளித் தண்ணீரில் கொட்டுங்கள். மிதப்பவற்றை எடுத்துப் போட்டுவிடுங்கள், உள்ளே ஏற்கெனவே ஒருத்தர் குடியிருப்பார்.